திருச்சபை, படை, சமையற்கூடம்: உளவியக்கக் கோட்பாடு பற்றிப் பண்டத்தரிப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தனிமனிதரின் நடத்தை, குழுக்களின் போக்கு, நிறுவனங்களின் செயற்பாடு ஆகியவற்றை மேற்புறத்தில் தெரியும் காரணங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது; நனவுக்கு எட்டாத அச்சங்களும் விருப்பங்களும் அவற்றின் அடியில் இயங்குகின்றன என்பதே உளவியக்கக் கோட்பாடுகளின் பொதுவான துணிபு ஆகும். தாங்கமுடியாத உணர்வுகளை மனிதர் தம்மிடமிருந்தே மறைக்கின்றனர். அவ்வாறு மறைப்பதற்கு உளத்தற்காப்புகளை அமைத்துக்கொள்கின்றனர். அத்தற்காப்புகள் தனியொருவரின் உள்ளத்தோடு நின்றுவிடாது, காலப்போக்கில் நிறுவனங்களின் விதிகளாகவும் வழக்கங்களாகவும் வேலைப் பிரிவினையாகவும் உருப்பெறுகின்றன. இம்மூன்று கூற்றுகளையும் நாம் இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளிகளாகக் கொள்ளலாம்.

ஈழத்து முற்போக்குத் திறனாய்வு இக்கோட்பாடுகளை நெடுங்காலம் ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1960களில் எஸ். பொன்னுத்துரையின் ‘தீ’ (1961), ‘சடங்கு’ (1966) ஆகிய நாவல்களைச் சுற்றி எழுந்த விவாதங்களில் பாலியல் வேட்கை பற்றிய பேச்சு, வர்க்கப் போராட்டத்திலிருந்து வாசகரைத் திசைதிருப்பும் முயற்சியாகவே கொள்ளப்பட்டது. சிக்மன்ட் புரொய்டின் பெயர் தனிமனிதவாதத்தின் மறுபெயராக வழங்கியது. அன்றைய சூழலில் அவ்வையம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயினும் ஒரு கோட்பாட்டின் தவறான பயன்பாட்டை மறுப்பதும், அக்கோட்பாடு எழுப்பும் வினாவையே மறுப்பதும் வெவ்வேறானவை. ஓர் அமைப்பின் பொருளியல் அடித்தளம் தளர்ந்த பின்னரும் அவ்வமைப்பு மனிதரின் உள்ளத்தில் எவ்வாறு நின்று நிலவுகிறது என்பதே அந்த வினா. சாதி நிலைத்திருக்கும் சமூகமொன்றில் மார்க்சிய ஆய்வாளர் எவரும் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

இவ்வினாவை நாம் பொதுநிலையில் வைத்துப் பேசாது, வலிகாமத்தின் தென்மேற்குப் பகுதியிலுள்ள பண்டத்தரிப்பையும் அதன் அயலையும் முன்வைத்து நோக்க விழைகின்றோம். கோட்பாட்டாளர் எடுத்துக்காட்டாகக் கொண்ட நிறுவனங்கள் இம்மண்ணில் அடுத்தடுத்து வந்து அமர்ந்தவை என்பதே இத்தெரிவுக்குக் காரணமாகும்.

2

1921இல் வெளியிட்ட குழு உளவியல் பற்றிய நூலில் புரொய்ட் இரு ‘செயற்கைக் குழு’க்களை எடுத்து ஆராய்ந்தார். ஒன்று திருச்சபை, மற்றையது படை. இவ்விரண்டிலும் உறுப்பினர் தலைவர்மீது கொண்ட பற்றே அவர்களை ஒருவரோடொருவர் பிணைக்கிறது என்றும், தலைவர் தம் எல்லாரையும் சமமாக நேசிக்கிறார் என்னும் நம்பிக்கை குலையுமாயின் குழுவும் குலையும் என்றும் அவர் வாதிட்டார். குழுவின் உள்ளே அன்பு நிலவ வேண்டுமாயின் பகை வெளியே நிற்பவர்மீது திரும்ப வேண்டியிருக்கும் என்பதையும் அவர் காணத் தவறவில்லை.

பண்டத்தரிப்புக்குத் திருச்சபை புதியதன்று. போத்துக்கேயர் காலத்துத் தேவாலயம் ஒல்லாந்தர் கைக்கு மாறி, பின்னர் பாழடைந்து கிடந்தது. 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிசன், 1820இல் பண்டத்தரிப்பில் தன் நிலையத்தை நிறுவிற்று. அங்கு குடியமர்ந்த ஜோன் ஸ்கடர் சமயப் போதகராக மட்டுமன்றி மருத்துவராகவும் விளங்கியவர். அமெரிக்க மிசனரி மருத்துவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுபவர். 1836இல் அவர் சென்னைக்குச் செல்லும் முன்னரான காலத்தின் பெரும்பகுதி பண்டத்தரிப்பிலேயே கழிந்தது. உடலைப் பற்றிய மேனாட்டு அறிவியல் இவ்வாறு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்வூருக்கு வந்துவிட்டது. 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து அவ்வறிவியலைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களாகவும் ஆக்கினார். உள்ளத்தைப் பற்றிய அறிவியலுக்குத் தமிழில் அத்தகைய வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே கிட்டியது.

எனினும் புரொய்டின் விளக்கத்தை இங்கு அப்படியே பொருத்துவோமாயின் உடனேயே ஓர் இடர்ப்பாடு தோன்றும். அவர் கண்ட திருச்சபையில் உறுப்பினர் யாவரும் ஒரே தலைவரின் முன் சமமான பிள்ளைகள். யாழ்ப்பாணத்து மிசன் வளவிலோ, ஒரே தேவனின் பிள்ளைகள் ஒரே அடுப்பில் வெந்த சோற்றை உண்ண மறுத்தனர். விடுதிப் பாடசாலைகளின் தொடக்க ஆண்டுகளில் கிறிஸ்தவ வளவுக்குள் சமைத்த உணவை உண்பதற்கு உயர்சாதி மாணவர் இணங்கவில்லை. அதனால் அயலிலிருந்த சைவரின் காணியில் சமையற்கூடம் அமைப்பதற்கு மிசனரிமார் உடன்பட வேண்டியதாயிற்று. இச்செய்தி மிசன் வரலாற்றில் ஒரு சிறு விட்டுக்கொடுப்பாகவே பதிவாகியுள்ளது. நமது நோக்கிலோ இச்சமையற்கூடம் ஒரு நிறுவனத்தின் உளவியக்கத்தைத் திறந்து காட்டும் சான்றாகும்.

3

சமையற்கூடத்தை விளங்கிக்கொள்ள நமக்கு உதவுபவர், லண்டன் மாநகரின் போதனா வைத்தியசாலையொன்றின் தாதியர் சேவையை ஆராய்ந்து 1959-60 காலப்பகுதியில் தம் முடிவுகளை வெளியிட்ட இசபெல் மென்சிஸ் ஆவார். பயிற்சித் தாதியருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்காது விலகுவதேன் என்பது அங்கு எழுந்த சிக்கல்களுள் ஒன்று. நோய், வேதனை, மரணம் ஆகியவற்றை நாள்தோறும் நெருங்கி நிற்கும் வேலை கடும் பதகளிப்பைத் தோற்றுவிக்கிறது. அப்பதகளிப்பைத் தாதி உணராதிருக்கும் பொருட்டு வேலை சிறுசிறு கடமைகளாகத் துண்டாடப்படுகிறது. எந்தத் தாதியும் எந்த நோயாளியோடும் நீடித்த உறவு கொள்ளாதபடி இடமாற்றங்கள் நிகழ்கின்றன. நோயாளி பெயரால் அன்றிக் கட்டில் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிக்கப்படுகிறார். எவரும் திட்டமிட்டு இதனைச் செய்யவில்லை. ஆயினும் நிறுவனம் முழுவதும் பதகளிப்புக்கு எதிரான தற்காப்பாகவே அமைந்துவிட்டது. இத்தற்காப்பு பதகளிப்பைத் தீர்ப்பதில்லை. அதனைக் காணாமற் செய்கிறது. அதற்கான விலையை நோயாளியும் இளந்தாதியும் செலுத்துகின்றனர்.

இவ்வொளியில் மிசன் வளவின் எல்லைக்கு வெளியே எழுந்த சமையற்கூடத்தை நோக்குவோம். அது இரு தரப்பினரின் பதகளிப்பைத் தணித்தது. சாதி கெடும் என்னும் மாணவரின் அச்சம் ஒன்று. மாணவரே வாராது போய்விடுவர் என்னும் மிசனரிமாரின் அச்சம் மற்றொன்று. மூன்றாந் தரப்பு ஒன்றும் இருந்தது. வேலியின் எப்பக்கத்திலும் உணவுப் பந்தியில் இடம்பெறாத ஒடுக்கப்பட்ட மக்களே அவர்கள். அவர்களது அச்சமோ அவமானமோ அந்த ஏற்பாட்டின் கணக்கில் வரவில்லை. பதகளிப்புக்கும் சொத்துரிமை உண்டு என்பதே இதனால் நாம் பெறும் முதற் பாடம். யாருடைய பதகளிப்பு நிறுவனத்தின் விதியாக மாறும் என்பதை நிலமும் அதிகாரமும் தீர்மானிக்கின்றன.

அடுத்து எழும் வினா, அந்தச் சாதி அச்சத்தின் உள்ளடக்கம் யாது என்பது. தீட்டு என்பதைச் சமய நம்பிக்கை எனக் கூறி அமைவது போதாது. வலிகாமத்தின் செம்மண் நிலத்தில் கிணற்று நீர் இறைத்துச் செய்யும் புகையிலைப் பயிர்ச்செய்கை கடும் உழைப்பை வேண்டி நின்றது. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் அடிமைகளாகவும் பின்னர் அடிமை நிலைக்கு அண்மித்த கூலிகளாகவும் அவ்வுழைப்பின் பெரும்பகுதியை வழங்கினர். 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதிலும் தங்கியிருக்கும் உறவு ஒழியவில்லை. நில உடைமையாளர் தம் வாழ்வுக்கு எவரது கைகளில் தங்கியிருந்தாரோ, அந்தக் கைகளே தீண்டத்தகாதவை ஆக்கப்பட்டன. தோட்டத்துக்கு நீர் இறைக்க அனுமதி பெற்ற கை, குடிநீர்க் கிணற்றில் வாளியை விட அனுமதி பெறவில்லை.

இம்முரண்பாடு தற்செயலானதன்று. பிறர் உழைப்பில் தாம் தங்கியிருக்கின்றோம் என்னும் உண்மையே உடைமையாளரால் உணரமுடியாத உண்மை. அதனை உணராதிருப்பதற்கான வழி, தங்கியிருத்தலைத் தலைகீழாக்குவது: ‘அவர்களே எம்மில் தங்கியிருக்கின்றனர்; அவர்களது தொடுகையோ எம்மை மாசுபடுத்தும்’. தமக்குள் இருப்பதைப் பிறர்மேல் ஏற்றிக் காணும் இச்செயலை உளவியக்கவியலார் புறத்தேற்றம் என்பர். தீட்டு என்பது, நம் நோக்கில், தங்கியிருத்தலை உணராமலிருப்பதற்காக ஒரு வர்க்கம் அமைத்துக்கொண்ட சமூகத் தற்காப்பு. மார்க்சியம் சுரண்டலைக் காட்டுகிறது. சுரண்டுபவர் அதனைச் சுரண்டலாக உணராது, தமது தூய்மையாக உணர்வது எவ்வாறு என்பதை உளவியக்க நோக்கு காட்டுகிறது. இரண்டாவது, முதலாவதற்கு மாற்று அன்று, அதன் தொடர்ச்சியாகும்.

தற்காப்பு அச்சுறுத்தப்படும்போது அதன் வன்மை வெளிப்படும். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்றபோது யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் தீவைக்கப்பட்டன. வாங்கில் ஒரு சிறுவன் அமர்வதனால் எவரது காணியும் பறிபோகவில்லை. ஆயினும் எதிர்ப்பு, காணி பறிபோனதற்கு ஒப்பான சீற்றத்துடன் எழுந்தது. பண்டத்தரிப்புக்கு அயலிலுள்ள சங்கானையிலும் நிச்சாமத்திலும் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கான போராட்டங்கள் நடந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் பெற்றுவந்தவர், எல்லாருக்கும் உரிய குவளையைக் கேட்டார். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. சட்டம் அவருக்கு அளித்த உரிமையை ஊர் அளிக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் இத்தொடர்ச்சியில் அமைவன.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. நிறுவனங்கள் பதகளிப்புக்கு எதிரான தற்காப்பாக அமைகின்றன என்று 1955இல் வாதிட்ட எலியட் ஜாக்ஸ், நாற்பது ஆண்டுகளின் பின், 1995இல், அந்நிலைப்பாட்டைத் தாமே மறுத்தார். மனிதரின் உளக்கோளாறுகள் நிறுவனங்களைக் கெடுப்பதில்லை. சீர்கெட்ட நிறுவன அமைப்பே மனிதரிடம் அத்தகைய நடத்தையைத் தோற்றுவிக்கிறது என்பது அவரது பிற்கால முடிபு. ஜாக்ஸ் மார்க்சியர் அல்லர், முகாமைத்துவ ஆலோசகர். ஆயினும் சமூக இருப்பே பிரக்ஞையை நிர்ணயிக்கிறது என்னும் மார்க்சின் கூற்றுக்கு அவர் வேறொரு பாதையால் அண்மித்தமை மனங்கொள்ளத்தக்கது. நிச்சாமத்து மக்கள் தேநீர்க்கடை உரிமையாளரின் உளநோயைக் குணப்படுத்தக் காத்திருக்கவில்லை. விதியை மாற்றினர், விதி மாறியபின் உள்ளமும் ஓரளவு மாற வேண்டியதாயிற்று.

4

இவ்வியக்கங்களை ஆக்க இலக்கியம் எவ்வாறு பதிவு செய்துள்ளது? வி. என். வொலோஷினோவ் 1927இல் புரொய்டியம் பற்றி எழுதிய விமர்சனம் இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. புரொய்ட் நனவிலி என்று அழைப்பது மொழிக்கு அப்பாற்பட்ட இருள் அன்று. சமூகம் அங்கீகரிக்காத, ஆதலின் உரத்துச் சொல்லப்படாத நனவே அது என்பது அவரது வாதம். அங்கீகாரம் பெற்ற நனவுக்கும் பெறாத நனவுக்கும் இடையிலான மோதலைப் பாத்திரங்களின் வாய்ப்பேச்சுக்கும் மனப்பேச்சுக்கும் இடையிலான இடைவெளியில் நாவல் பதிவு செய்கிறது. திறனாய்வாளர் செவிசாய்க்க வேண்டிய இடம் அந்த இடைவெளியே.

‘சடங்கு’ நாவலை இந்நோக்கில் மீள வாசிப்பது பயனுடையது. கொழும்பில் எழுதுவினைஞராகப் பணிபுரியும் குடும்பத் தலைவர் சில நாள் விடுமுறையில் ஊர் வருகிறார். மனைவியோடு கூடும் விருப்பம் வீட்டுக் காரியங்களாலும் உறவினரின் நடமாட்டத்தாலும் தடைபட்டுக்கொண்டே போகிறது. இதனைப் பாலியல் எழுத்து என ஒதுக்கியோரும் துணிச்சலான எழுத்து எனப் போற்றியோரும் ஒரே தவறைச் செய்தனர் என்றே கூறல் வேண்டும். இரு சாராரும் வேட்கையைத் தனிமனிதனின் சொத்தாகக் கண்டனர். அந்த வேட்கையின் கால அளவை நிர்ணயிப்பது அரசாங்க அலுவலகத்தின் விடுமுறை விதி. அதன் இடத்தை நிர்ணயிப்பது மனைவி வழிக் குடும்பமும் சீதன வீடும். மிசன் பாடசாலைகள் தொடக்கிவைத்த ஆங்கிலக் கல்வி யாழ்ப்பாணத்து ஆண்மகனை ஊரிலிருந்து பிரித்து அலுவலக மேசைக்கு அனுப்பியது. அப்பிரிவின் உளவியல் விலையை ‘சடங்கு’ கணக்கிடுகிறது. நாவலாசிரியரின் கருத்துநிலை எதுவாயினும், பிரதி கூறும் உண்மை மத்தியதர வர்க்கத்தின் வரலாறாகும்.

மறுபுறத்தில் கே. டானியல் நிற்கிறார். ‘பஞ்சமர்’ (1972) தொடங்கி அவர் எழுதிய நாவல்கள் உளப்பகுப்பாய்வுக்கு உரியனவல்ல என்று கருதுவது வழக்கம். ஒடுக்கப்பட்டோர் கிறிஸ்தவத்தைத் தழுவி விடிவு தேடியதையும் அவ்விடிவு தோற்ற மயக்கமாய்ப் போனதையும் பேசும் ‘கானல்’ இவ்வழக்கத்தை மறுக்கிறது. புரொய்ட் கூறிய சமமான அன்பு என்னும் வாக்குறுதியை நம்பித் திருச்சபைக்குள் நுழைந்தோர், வேலியும் தம்மோடு கூடவே உள்ளே வந்துவிட்டதைக் காண்கின்றனர். புரொய்டின் தேற்றத்துக்கு ஈழத்துத் தமிழில் எழுதப்பட்ட மிகக் கூரிய மறுப்பு இதுவெனலாம். திருச்சபை தலைவரின் அன்பால் மட்டும் கட்டுண்டு நிற்பதில்லை. காணி உறுதியாலும் கட்டுண்டு நிற்கிறது.

5

திருச்சபைக்குப் பின் படை. 1995 ஒக்டோபர் 30இல், அரச படைகளின் சூரியக்கதிர் நடவடிக்கை முன்னேறிய வேளையில், விடுதலைப் புலிகளின் அறிவித்தலை அடுத்து வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. பல இலட்சம் மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தனர். பண்டத்தரிப்பும் அப்பெயர்வுக்கு விலக்கன்று. 1996இல் பெரும்பாலோர் மீண்டபோது ஊர் இராணுவத்தின் ஆளுகைக்குள் இருந்தது.

குழுக்கள் நெருக்கடியில் எவ்வாறு இயங்குகின்றன என்பது பற்றி வில்பிரட் பியோன் 1961இல் வெளியிட்ட நூல் மூன்று அடிப்படை எடுகோள்களைப் பேசுகிறது. எல்லாம் அறிந்த தலைவரில் தங்கியிருத்தல், எதிரியோடு பொருதல் அல்லது எதிரியிடமிருந்து ஓடுதல், எதிர்காலத்தில் வரவிருக்கும் மீட்பரை எதிர்பார்த்திருத்தல் என்பன அவை. இம்மூன்றும் குழு தன் உண்மையான பணியைச் செய்யவிடாது தடுக்கின்றன என்பார் அவர். நம் அண்மைக்கால அரசியலுக்கு இவை பொருந்துவதைக் காண அதிக சிரமம் வேண்டியதில்லை. அந்த எளிமையே ஐயத்துக்கு உரியது. அந்த ஒக்டோபர் இரவில் நடந்தோர் நனவிலி எடுகோளொன்றினால் ஓடவில்லை. எறிகணை புறத்தேற்றம் அன்று, அது வீழ்ந்தது. உண்மையான ஆபத்தினால் வரும் அச்சத்தை உளக்கற்பனையாக மாற்றும்போது கோட்பாடு அதிகாரத்தின் பணியாளாகிவிடும்.

இவ்வேறுபாட்டை ஈழத்து உளமருத்துவம் நன்கு உணர்ந்திருந்தது. தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலும் 2007இல் எழுதிய ‘கூட்டு மனவடு’ பற்றிய ஆய்வுக்கட்டுரையும், போரின் தாக்கத்தைத் தனிமனித நோய்க்குறிகளோடு நிறுத்தாது குடும்பம், சமூகம் ஆகிய மட்டங்களுக்கு விரித்தன. நம்பிக்கையின்மை, ஐயம், மௌனம், பிறரில் தங்கியிருத்தல், செயலின்மை என்பவற்றைச் சமூகத்தின் காயங்களாக அவர் இனங்கண்டார். நெருக்கீடு, பதகளிப்பு, மனவடு முதலிய சொற்கள் தமிழில் இயல்பாக வழங்கத் தொடங்கியமை ஈழத்து உளநலப் பணியின் பெரும் பேறு. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’ (1991) நாடகம் அதே காலத்தில் போரின் உள நெருக்கீட்டை மேடைக்குக் கொண்டுவந்தது. கிறீன் உடலுக்குச் செய்ததை இவர்கள் உள்ளத்துக்குச் செய்தனர் என்பது மிகையாகாது.

ஆயினும் கூட்டு மனவடு என்னும் கருத்து இன்று மேடைகளிலும் நிவாரணத் திட்டங்களிலும் எடுத்தாளப்படும் முறையில், ‘சமூகம்’ ஒரே உடல் கொண்ட ஒரே நோயாளியாகத் தோன்றுகிறது. தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் பழமொழி. 1990 முதல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்க்கப்பட்டோருள் உறவும் பணமும் வெளிநாட்டுத் தொடர்பும் உடையோர் முகாம்களைவிட்டு வெளியேறினர். மல்லாகம் முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் எஞ்சியோருள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அயற்கிராமங்களில் அவர்களுக்குக் காணி விற்க உயர்சாதியினர் தயங்கினர். காலிங்க ரியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், ப. தங்கேஸ் ஆகியோர் 2009இல் பதிப்பித்த, இலங்கையின் மறைமுகச் சாதிப் பாகுபாடு பற்றிய ஆய்வு இந்நிலையை வெளிக்கொணர்ந்தது.

வேலிக்கு வெளியே எழுந்த சமையற்கூடமும் ஊருக்கு வெளியே நீடித்த முகாமும் ஒரே தர்க்கத்தின் இரு வடிவங்கள். ஒரு சமூகம் தன் இழப்பின் பெரும்பகுதியைச் சிலரது தலையில் சுமத்திவிட்டு, ‘நாம் யாவரும் இழந்தோம்’ என்று கூறும்போது அக்கூற்று உண்மையும் ஆகும், தற்காப்பும் ஆகும். முன்னர் அவர்களது உழைப்பில் தங்கியிருந்தமை உணரப்படவில்லை. இப்போது அவர்களது இழப்பில் தங்கியிருந்தமை உணரப்படுவதில்லை. உளநலப் பணி இம்மௌனத்தைக் கலைக்காதாயின், ஆறுதல் அளிக்கும் தொழிலாக மட்டுமே எஞ்சும். அல்ஜீரியாவின் பிளிடா உளநல வைத்தியசாலையில் பணியாற்றிய பிரான்ஸ் பனோன், மனிதரைத் தம் மண்ணிலேயே அந்நியராக்கும் அமைப்பின்கீழ் அவர்களைச் சூழலுக்கு இசைவிக்கும் மருத்துவம் பொருளற்றது எனக் கண்டு 1956இல் பதவி துறந்தார். எல்லா மருத்துவரும் அவ்வாறு பதவி துறக்க வேண்டுவதில்லை. அவர் எழுப்பிய வினாவைத் துறவாதிருத்தல் வேண்டும்.

6

மேற்கூறியவற்றிலிருந்து உளவியக்க நோக்கைக் கையாளும் ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டிய மூன்று செய்திகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, ஒரு நிறுவனத்தில் தற்காப்பு இருப்பதைக் கண்டவுடன், அது யாருடைய பதகளிப்பைக் காக்கிறது, அதற்கான விலையை யார் செலுத்துகின்றனர் என்று வினவுதல் வேண்டும். மென்சிஸ் முதல் வினாவை எழுப்பினார், இரண்டாவதைத் தொட்டார். இரண்டையும் உற்பத்தி உறவுகளோடு இணைப்பது நம் பணி.

இரண்டாவது, உளக்கற்பனையால் வரும் அச்சத்தையும் உண்மையான ஆபத்தால் வரும் அச்சத்தையும் வேறுபடுத்துதல் வேண்டும். ஒடுக்குவோரின் அச்சம் பெரும்பாலும் முதல் வகையது. ஒடுக்கப்படுவோரின் அச்சம் பெரும்பாலும் இரண்டாம் வகையது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது நடுநிலை ஆகாது.

மூன்றாவது, சமூகம், சமுதாயம், மக்கள் என்னும் சொற்களை ஒரே நோயாளியின் பெயராக வழங்கும் எந்தக் கூற்றையும் பிரித்து நோக்குதல் வேண்டும். இலக்கியம் இதற்கு உதவும். ‘சடங்கு’ எழுதுவினைஞரின் உள்ளத்தையும், ‘கானல்’ மதம் மாறியோரின் உள்ளத்தையும் தனித்தனியே திறந்து காட்டின. இவ்விரு உள்ளங்களையும் ஒரே காணியின் இரு பக்கங்களில் வைத்து வாசிப்பதே மார்க்சியத் திறனாய்வு இனிச் செய்ய வேண்டிய வேலை.

புரொய்ட் திருச்சபையையும் படையையும் ஆராய்ந்தார். பண்டத்தரிப்பின் வரலாறு அவ்விரண்டோடு சமையற்கூடத்தையும் சேர்த்து ஆராய வேண்டும் என்று கோருகிறது. யார் சமைப்பது, யார் உண்பது, யார் வேலிக்கு வெளியே நிற்பது என்னும் வினாக்களுக்கு விடை காணாது, மனித உள்ளத்தின் அடியாழம் பற்றிப் பேசுதல் இயலாது.